மலைக்குள் இல்லாத தண்ணீர்

நான் வேலை செய்யும் கந்தோர் பதுளையில் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் எங்கள் தொலைபேசி ஓயாது. எந்த மலை சரியும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே வெடிப்பு விழுந்திருக்கிறது, யாரை எழுப்பி வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. மலையில் துளை போட்டு மண்ணெடுப்போம். எத்தனை அடுக்கு மண், தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது, சரிவு எவ்வளவு என்று அளந்து ஒரு நிரலுக்குள் கொடுப்போம். நிரல் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண் ஒன்றுக்கு மேலே நன்றாகத் தள்ளி நின்றால் மலை நிற்கும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் சரியும். நாங்கள் எவ்வளவு தடித்த அறிக்கை எழுதினாலும் கடைசியில் எல்லோரும் கேட்பது அந்த ஓர் எண்ணைத்தான்.

அந்த நிரலை எழுதியவர் வெகுகாலம் முன்பு அங்கே பொறியியலாளராக இருந்தவர். நான் சேர்வதற்கு முன்பே ஓய்வுபெற்றுப் போய்க் காலமாகியும் விட்டார். அவர் போர்ட்ரான் மொழியில் எழுதிய வரிகள் மட்டும் எங்களிடம் இருந்தன. மனிதர் எழுதும் வரிகளைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கக் கம்பைலர் என்றொரு மென்பொருள் வேண்டும். அவர் பயன்படுத்திய கம்பைலரை அதை விற்ற நிறுவனமே எப்போதோ நிறுத்திவிட்டது. அதைத் திறப்பதற்குத் தீப்பெட்டி அளவில் ஒரு சாவியைக் கணினியின் பின்புறத்தில், பழைய அச்சுப்பொறி செருகும் இடத்தில், செருகியிருக்க வேண்டும். இப்போது வரும் கணினிகளில் அப்படியோர் இடமே கிடையாது. ஆகவே கந்தோர் மூலையில் ஒரு கிழட்டுக் கணினி, அதன் முதுகில் அந்தச் சாவி, தூசிக்கு மேலே ஒரு துவாய். அணைத்தால் திரும்ப எழும்புமோ என்னவோ என்று யாரும் அதை அணைப்பதில்லை.

ஒரு சித்திரை மாதத்துப் பின்னேரம் இடி இடித்தது. பதுளையில் வழக்கமாக இடிக்கிற இடிதான். கணினியையும் சாவியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

கம்பைலரை விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். அதை வேறொரு நிறுவனம் வாங்கியிருந்தது. அதை இன்னொன்று வாங்கியிருந்தது. மூன்றாவது இடத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: அந்தப் பொருள் நிறுத்தப்பட்டுவிட்டது, அதைப் பற்றி அறிந்தவர்கள் இப்போது எங்களிடம் இல்லை. எங்கள் பெரிய பொறியியலாளர் ஒரு சிங்களவர், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். கொழும்பிடம் புதிய மென்பொருள் கேட்டுப் பார்க்கலாமா என்றார். கேட்டால் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மழைக்குள் வராது. "நான் செய்கிறேன் சேர்" என்றேன். யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

எனக்கு அப்போது தலைக்கனம் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்துக் கூடை சுமந்து படிக்கவைத்து, பொறியியல் படித்துவிட்டு வந்தவள் நான். கந்தோரில் தோட்டத்திலிருந்து வந்த ஒரே ஆள். "நீங்க எஸ்டேட்டா? பார்த்தால் தெரியாதே" என்று பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொல்பவர்கள் எல்லாக் கந்தோரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே அடியாகப் பதில் சொல்லும் சந்தர்ப்பம் கையில் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு புதிய கம்பைலரை இறக்கினேன். பழைய வரிகளை அதற்குக் கொடுத்தபோது திரை முழுக்கப் பிழைகள். மூன்று கிழமை இருந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். அதன் பிறகு எச்சரிக்கைகள் வந்தன. பிழை இருந்தால் நிரல் ஓடாது. எச்சரிக்கை இருந்தால் ஓடும், ஆனால் "இந்த இடத்தை ஒருக்கால் பாருங்கள்" என்று கம்பைலர் முணுமுணுக்கும். ஐந்நூறுக்கு மேல் இருந்தன. முதல் அறுபது எழுபதைப் பொறுமையாக வாசித்தேன். எல்லாம் அற்ப விஷயம்: இந்த வரி நீளம், இந்த முறை பழையது, இதை இப்போது யாரும் இப்படி எழுதுவதில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று சொல்ல ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் போதும். போட்டேன். திரை சுத்தமானது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

பழைய பொறியியலாளர் நிரலைச் சரிபார்க்க இரண்டு உதாரணங்கள் விட்டுப் போயிருந்தார். முதலாவது ஒரே அடுக்கு மண்ணுள்ள மலை. ஓட்டிப் பார்த்தேன், விடை அச்சொட்டாக ஒத்துப்போனது. இரண்டாவது மூன்று அடுக்கு. அதன் தரவுகள் மங்கிப்போன காகிதத்தில்தான் இருந்தன. உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஒரு நாள் பிடிக்கும். அன்று பின்னேரம் பெரிய பொறியியலாளர் எனக்காகக் கேக் வாங்கி வைத்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம் என்று கேக் சாப்பிடப் போனேன். பிறகு பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பசறையிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே இருபது குடும்பங்கள் இருக்கும் பழைய லயம் ஒன்றுக்கு மேலே தேயிலை மலையில் வெடிப்பு விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. போனோம். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போனது. பெரிய பொறியியலாளர் அதன் ஓரமாக நடந்து பார்த்துவிட்டு, மழைத் தண்ணீர் ஓட அந்தக் காலத்தில் வெட்டிய கான் ஒன்று உள்ளே உட்கார்ந்ததாகவும் இருக்கலாம் என்றார். துளை போட்டோம். மூன்று அடுக்கு மண். நான் கந்தோருக்கு வந்து நிரலை ஓட்டினேன். பூச்சியம் தசம் ஒன்பது நான்கு என்று வந்தது. அவரிடம் சொன்னேன். கானைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை.

ஆட்களிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். நான்தானே தமிழ், நான்தானே தோட்டம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மழைக்கு இறப்பர் விரிப்பைப் போர்த்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். மலை எப்போது வேண்டுமானாலும் வரலாம், இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கொழுந்துக் கூடையை இறக்காமலே, முன்னுக்கு வந்தார்.

"நெசமாவே உழுந்துருமா மிஸ்?"

"கணக்கு அப்படித்தாங்க சொல்லுது."

"நீங்க எந்தத் தோட்டம்?"

சொன்னேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நம்ம தோட்டத்துப் புள்ள. நம்மகிட்டப் பொய் சொல்லுமா? கெளம்புங்க எல்லாரும்" என்றார். கிளம்பிவிட்டார்கள். அறிக்கையையும் கிராம சேவகரையும் பார்த்து அவர்கள் கிளம்பவில்லை. நான் எந்தத் தோட்டம் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

கிளம்பாதவர் ஒருவர்தான், கூடையோடு முன்னுக்கு வந்த அந்த அக்காவின் கணவர். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தூசியைக் குடித்து இழுப்பு நோயோடு வீட்டிலிருந்த மனிதர். லயத்தில் தங்கள் அறையான காம்பராவின் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, "நான் பொறந்ததுலருந்து இந்த மல இங்கதான் நிக்கிது" என்றார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று வீடுகளில் சாமான் ஏற்ற வேண்டியிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "பிடிவாதம் புடிச்சிக்கிட்டு இருந்தீங்கன்னா பொணமாத்தான் போவீங்க" என்று கத்தினேன். அப்பா வயதுள்ள மனிதரிடம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அவர்களை மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். தோட்டங்களில் எந்த அழிவு வந்தாலும் ஆட்களைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம் பள்ளிக்கூடம், அது இல்லாவிட்டால் மூடிய தொழிற்சாலை. கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் பலகையும் சேலையும் கட்டிப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு. நாலாபக்கமும் காற்று அடிக்கும்படிதான் அந்த மாடியைக் கட்டியிருந்தார்கள், கொழுந்து வாடுவதற்காக. மூன்று மாதம் என்று சொன்னார்கள். லயத்துக்குப் போகும் பாதையில் சிவப்புப் பலகை ஒன்றை அடித்தார்கள். மாரியம்மன் கோயிலும் பலகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த மழைக்கு மலை வரவில்லை. அதனால் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. வராதது கடவுள் செயல், வெளியேற்றியது என் செயல் என்று எனக்கே பேர் கிடைத்தது. நான் போகும்போதெல்லாம் ஒவ்வொரு பலகைத் தடுப்பிலிருந்தும் தேத்தண்ணி வந்தது. "எங்க உசுரக் காப்பாத்துன புள்ள" என்று பிள்ளைகளுக்கு என்னைக் காட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

மறுவருடம் ஆவணியில் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், பகல். வீட்டில் வேலையில்லாமல் கந்தோருக்குப் போய் இரும்பு அலுமாரியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். அடித்தட்டில் ஒரு சீடி கிடந்தது. பழைய பொறியியலாளர் தம் கையெழுத்தில் நிரலின் பெயரை எழுதியிருந்தார். பழைய கம்பைலரே மாற்றிக் கொடுத்த, ஓடத் தயாரான நிரல் அதில் இருந்தது. புதிய கணினிக்குள் பழைய கணினியைப் போல நடிக்கிற மென்பொருள்கள் இப்போது கிடைக்கின்றன. அப்படி ஒன்றைப் போட்டு, அதற்குள் அந்த நிரலை எழுப்பினேன். எழும்பியது. ஒரு விளையாட்டுக்கு, என் கெட்டித்தனத்தை நானே பார்த்து ரசிக்க, அந்த லயத்தின் தரவைக் கொடுத்தேன்.

ஒன்று தசம் நான்கு மூன்று என்று வந்தது.

தரவைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி கொடுத்தேன். அதே எண். என் நிரலில் ஓட்டினேன். பூச்சியம் தசம் ஒன்பது நான்கு. ஒரே வரிகள், ஒரே மலை, ஒரே தண்ணீர். கம்பைலர் மட்டும் வேறு. எச்சரிக்கைகளை மறைத்த அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டுக் கம்பைலரை மறுபடி ஓட்டினேன். ஐந்நூறும் வந்தன. இந்த முறை ஒன்று விடாமல் வாசித்தேன். முந்நூறைத் தாண்டி ஓரிடத்தில் இருந்தது: இந்தப் பெட்டிக்கு மதிப்புக் கொடுக்காமலே அதைப் பயன்படுத்துகிறீர்கள்.

நிரலில் எண்களைப் போட்டு வைக்கிற இடங்களைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல அடுக்கு மண் இருந்தால் ஒவ்வோர் அடுக்கின் நீரழுத்தத்தையும் ஒரு பெட்டியில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டத் தொடங்குமுன் பெட்டியில் பூச்சியம் போட வேண்டும். பழைய பொறியியலாளர் போடவில்லை. போட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அவருடைய கம்பைலர் எல்லாப் பெட்டியையும் தானே துடைத்துப் பூச்சியம் போட்டுத்தான் கொடுக்கும். என்னுடையது அப்படித் துடைக்காது, முன்பு என்ன கிடந்ததோ அதோடு கொடுக்கும். முன்னவள் நிறுத்த கொழுந்தைக் கொட்டாமலே தராசில் அடுத்தவள் கொழுந்தைப் போட்டு நிறுப்பது மாதிரி. முந்தைய கணக்கின் நீரழுத்தம் அந்தப் பெட்டிக்குள் மிச்சம் கிடந்து, மலைக்குள் இல்லாத தண்ணீரையெல்லாம் நிரல் இருப்பதாக எண்ணிவிட்டது. ஒரே அடுக்கு மண் என்றால் நிரல் அந்தப் பக்கமே போகாது. அதனால்தான் முதல் உதாரணம் ஒத்துப்போனது. அன்றைக்கு இரண்டாவதை ஓட்டியிருந்தால் கேக்கோடு தெரிந்திருக்கும்.

மறுநாள் கந்தோரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் கிழமை, இன்னும் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். இரண்டாம் கிழமை பெரிய பொறியியலாளர் லீவு. பிறகு இன்னொரு சாக்கு. உள்ளே இருந்த உண்மையான காரணம் ஒன்றுதான்: "தோட்டத்துப் பிள்ளையிடம் கொடுத்தோம், குட்டிச்சுவராக்கிவிட்டது" என்று யாரோ சொல்லிவிடுவார்கள் என்ற பயம். யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்களாக இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து நான் இருபது குடும்பத்தை இன்னொரு மழைக்காலத்துக்கு அந்த மாடியில் விட்டேன். எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் இது இப்படித்தான் வருகிறது.

கார்த்திகையில் குளிர் ஏறியது. மார்கழி நடுவில் அந்தக் கணவர் இறந்துபோனார். இழுப்பு முற்றி, பசறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில்.

சாவுக்குப் போனேன். எங்கள் பக்கம் செத்தவரைக் குளிப்பாட்டி, அவர் வாழ்ந்த காம்பராவில் கிடத்தி, அந்த வாசலைத் தாண்டித்தான் தூக்குவார்கள். தப்புமேளச் சத்தம் லயத்திலிருந்து கிளம்பித்தான் மயானத்துக்குப் போகும். இவரைத் தேயிலைப் பெட்டிகளை லொறியில் ஏற்றுவதற்கென்று கட்டிய கதவு வழியாகத் தூக்கினார்கள். அந்தக் கதவு நிலத்திலிருந்து நாலடி உயரம். இறக்கும்போது பாடை ஒரு பக்கம் சாய்ந்தது, நாலு பேர் கீழே நின்று தாங்கினார்கள். நானும் கையை நீட்டினேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் என்னை அழைத்திருந்தார்கள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் பஸ் ஏறினேன். முதலில் அந்த அக்காவிடம், மறுநாள் கந்தோரில். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க மிஸ்."

கம்பைலர், பெட்டி எதையும் நான் சொல்லவில்லை. "நான் போட்ட கணக்கு பிழை அக்கா. அந்த மல உழுவாது. லயத்துக்கு ஒன்னும் ஆகாது. எனக்கு ஆவணியிலயே தெரியும். பயத்துல சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அண்டாவைத் திருப்பி அடிப்பக்கத்தையும் தேய்த்தார். அதன் பிறகுதான் கை நின்றது.

"ஆவணியிலயா?"

"ஆமாங்க."

"அந்த லயத்துக்குப் போயி வெளக்கு வச்சிட்டு வந்தேன், தெரியுமா? அவரு செத்த பொறகு பதினாறு நாளும். பலகையத் தாண்டி, யாருக்கும் தெரியாம. மல உழுந்தா உழட்டும்னுதான் போனேன்." சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார். "கார்த்திகைக்கு ஊட்டுக்குப் போவணும்னு அழுதாரு. சின்னப்புள்ள மாதிரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"இப்ப எதுக்கு நீ அழுவுற?" என்றார். அதுவரை என்னை மிஸ் என்றும் நீங்க என்றும்தான் கூப்பிட்டிருந்தார். "வேற யாருக்குத் தெரியும் இது?"

"யாருக்கும் தெரியாதுக்கா. நாளைக்குக் கந்தோர்ல எழுதிக் குடுத்துருவேன். நீங்க எல்லாரும் ஊட்டுக்குத் திரும்பிப் போகலாம்."

"எந்த ஊட்டுக்கு?"

"உங்க லயத்துக்கு."

"அது எங்க ஊடா?" என்று கேட்டார். குரல் உயரவேயில்லை. "எங்க பாட்டன் காலத்துல இருந்து இருக்கோம். செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தொரைகிட்டக் கேக்கணும். எங்க பேரு போட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்ல. இப்ப மண்சரிவுக்காகக் காணி குடுக்குற பட்டியல்ல எங்க லயம் மூணாவதா இருக்கு. ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, தனி ஊடு, எம் பேருல உறுதி. தோட்டத்துத் தலைவரு வந்து வாசிச்சுக் காட்டுனாரு. மல உழுவாதுன்னு நீ எழுதிக் குடுத்தா பட்டியல்ல வச்சிருப்பாங்களா, வெட்டுவாங்களா?"

காணிப் பத்திரத்தைத்தான் உறுதி என்போம். என் அம்மாவிடமும் அப்படி ஒன்று இருந்ததில்லை. மலை விழும் என்றால்தான் எங்கள் ஆட்களுக்கு நிலம் கிடைக்கும். விழாத மலைக்குக் கீழே நூறு வருடம் இருந்தாலும் கிடைக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து பஸ்ஸில் வந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட நான் இதை நினைக்கவில்லை. என் பாரத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"வெட்டுவாங்களா மாட்டாங்களா?"

"வெட்டிருவாங்க."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு."

"என்னால முடியலக்கா."

"நீ சொன்னா ஒனக்குப் பாரம் எறங்கிரும். எங்களுக்குக் காணி போயிரும். அவரும் போயி, காணியும் போயி, நான் திரும்ப அந்தக் காம்பராவுல போயி குந்திக்கணுமா?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். அதைக் கேட்டதும் அவர் எழுந்துவிட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவருதான் இல்லியே கேக்குறதுக்கு" என்று அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் கந்தோரில் நிரலைத் திருத்தினேன். பெட்டியில் பூச்சியம் போட ஒரு வரி. மாற்றங்களை எழுதும் புத்தகத்தில் "தொடக்க மதிப்பு திருத்தப்பட்டது" என்று மூன்று சொல் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நான் ஓட்டிய மற்றக் கோப்புகளையெல்லாம் திரும்ப ஓட்டினேன். பல அடுக்கு மண் இருந்தவை இன்னும் நான்கு. நான்கிலும் விடை கொஞ்சம் நகர்ந்தது, ஒன்றைத் தாண்டி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போகவில்லை. அந்த லயத்தின் கோப்பை மட்டும் திறக்கவில்லை. அதில் பூச்சியம் தசம் ஒன்பது நான்கு அப்படியே இருக்கிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. பட்டியலில் நான்காவதாக வேறொரு தோட்டத்து லயம் இருக்கிறது. அவர்கள் மலை ஒரே அடுக்கு. அந்த எண்ணில் பிழை இல்லை. அது உண்மையாகவே ஒன்றுக்குக் கீழே; நெடுநாள் வைக்க வேறிடம் இல்லாமல் அவர்கள் இன்னும் அந்த மலைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். மூன்றாவதை வெட்டினால் அவர்கள் ஒரு படி முன்னுக்கு வருவார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பதன் விலையில் ஒரு பங்கை அவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். மழை பிடித்தால் தினமும் இரண்டு தரம் அங்கே அழைத்து மழைமானியில் எவ்வளவு என்று கேட்கிறேன். கொஞ்சம் கூடினாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி நச்சரிக்கிறேன். மிஸ்ஸுக்கு எங்கள் மேல் பாசம் என்கிறார்கள். நான் மழைமானிக் கணக்கை எழுதிக்கொண்டு தொலைபேசியை வைக்கிறேன்.

வைகாசியில் அடிக்கல் நாட்டு விழா வைத்தார்கள். பசறைப் பாதைக்குப் பக்கத்தில் தேயிலையைப் பிடுங்கிச் சமப்படுத்திய நிலம். கயிறு கட்டி ஏழு ஏழு பேர்ச்சஸாகப் பிரித்திருந்தது. வரமாட்டேன் என்றேன், பெரிய பொறியியலாளர் விடவில்லை. தோட்டத்துத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, நம் உயிரைக் காப்பாற்றியது வெளியாள் இல்லை, நம்மைப் போலத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை என்று தொடங்கி வெகுநேரம் பேசினார். கூட்டம் கை தட்டியது. நான் மேடையில் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் மாலையை எனக்குப் போட யாராவது வாருங்கள் என்றார்.

அந்த அக்கா எழுந்து வந்தார். எங்கள் பக்கம் புருஷனை இழந்த பெண்ணை நல்ல காரியத்தில் முன்னுக்கு விடுவதில்லை, அதுவும் வருடம் திரும்புமுன். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அதைத் தலைவரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியேறி என் முன்னால் வந்தார். அந்தக் குழாயடிக்குப் பிறகு அன்றுதான் அவரைப் பார்த்தேன். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, பூ ஒழுங்காக விழும்படி என் தோளில் சரி செய்தார். அப்படிச் செய்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"சிரி. போட்டோ எடுக்குறாங்க."

சிரித்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கந்தோர் வாசலில் மாட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.